எஞ்சின் நின்ற விமானமும் ஏழு கன்னியர் மலையும்

நோட்டன் பிரிட்ஜ் வழியாகப் பஸ்ஸிற் சென்றவர்கள் அங்கே நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கும் கரிய சக்கரத்தைக் கண்டிருப்பார்கள். லொறிச் சக்கரமென்று எண்ணி அப்பால் திரும்பிக்கொள்வோரும் உளர். அது லொறிச் சக்கரமன்று. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு, மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதி நொறுங்கிய ஜெட் விமானத்தின் சக்கரம். அந்த விமானத்தில் இருந்த 191 பேரில் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை. இந்நாட்டு மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களில் அதனிலும் பெரியது இன்றுவரை வேறில்லை.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் லயத்து இஸ்தோப்பிலே குந்தியிருந்து பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதை எப்போதும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். "எஞ்சின் நின்னுபோச்சு, அதனால விழுந்திருச்சு." எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்பது எமக்கு அன்று ஐயத்துக்கிடமில்லாத உண்மை. பல ஆண்டுகள் சென்றபின், எமது சங்கத்து வாசிப்பு வட்டத்தில் தம்பியொருவன் எழுந்து, "அண்ணே, எஞ்சின் நின்னா விமானம் நெசமாவே அப்படித்தான் விழுமா? அன்னிக்கு எஞ்சின் நின்னது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதற் கேள்வியை முதலில் எடுப்போம். புட்பக விமானம் உண்டா இல்லையா என்னும் வழக்கு இங்கு வேண்டா. மனிதன் இறக்கை கட்டிப் பறந்த வரலாற்றை மட்டும் பார்த்தாலே ஒரு செய்தி தெளிவாகும். மனிதன் முதலில் பறந்தது எஞ்சினோடு அன்று, எஞ்சின் இல்லாமல். ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியந்தால் குன்றுகளின் மேலிருந்து இறக்கைகளோடு பாய்ந்து, ஆயிரக்கணக்கான தடவைகள் காற்றிலே சறுக்கிப் பழகினார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்விறக்கை தாங்காமற் போய் விழுந்து மாண்டார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1902இல் எஞ்சினில்லாச் சறுக்கு விமானத்தை நன்றாக ஆளக் கற்றுக்கொண்ட பின்னரே, 1903 டிசெம்பரில் எஞ்சின் பூட்டிய விமானத்திற் பறந்தார்கள். ஆக, பறக்கும் தொழிலில் எஞ்சின் பின்னால் வந்த விருந்தாளி. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று, இறக்கை. இறக்கை தாங்குவதற்கு வேண்டியது அதன்மேல் விரைந்தோடும் காற்று. மட்டமாகவோ மேல்நோக்கியோ பறக்கையில் அந்த வேகத்தை எஞ்சின் தருகிறது. எஞ்சின் நின்றுபோனால்?

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் லொறிச் சாரதி எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டு போவதை நாம் அறிவோம். (அது சட்டத்துக்கும் உயிருக்கும் ஒவ்வாத வழக்கம், உவமைக்காக மட்டுமே சொல்கிறோம்.) எஞ்சின் இழுக்காவிடினும் லொறி ஓடுகிறது, இறக்கமே அதை ஓட்டுகிறது. தோட்டங்களில் உயரத்து மலையிலிருந்து கம்பி வழியே கொழுந்துச் சாக்கை அனுப்பிய காலத்தில், அந்தச் சாக்குக்கு எந்த எஞ்சின் இருந்தது? விமானமும் அவ்வாறே. எஞ்சின் நின்றவுடன் விமானி மூக்கைச் சற்றுக் கீழே சாய்ப்பான். அப்போது விமானம் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுச் சரிவிலே உருளத் தொடங்குகிறது. உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. அவ்வேகத்தால் இறக்கை தாங்குகிறது.

அந்தச் சரிவு எவ்வளவு கடுமையானது? எமது மலைநாட்டு ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்பது பலரறிந்தது. பெரிய பயணிகள் ஜெட் விமானம் எஞ்சின் முற்றாக நின்ற நிலையில் ஏறத்தாழ 15 அடி முன்சென்று ஓர் அடி இறங்கும். புதியவை இதனிலும் சிறப்பாகச் செய்யும். ஒற்றை எஞ்சினுள்ள சிறிய செஸ்னா விமானம் ஏறத்தாழ 9 அடிக்கு ஓர் அடி. கல் விழுவதுபோல் என்று சொல்ல இதில் எதுவுமில்லை. ரயில் பாதையைப்போல் மூன்று மடங்கு சரிவு, அவ்வளவுதான். இன்னொரு செய்தியையும் சொன்னால் வியப்பாக இருக்கும். கட்டுநாயக்காவில் இறங்க வரும் ஒவ்வொரு ஜெட் விமானமும் நூறு மைலுக்கு அப்பாலிருந்தே எஞ்சின்களின் வலுவை வெகுவாகக் குறைத்து, பாதி சறுக்கு விமானமாகவே இறங்கி வருகிறது. கிழக்கேயிருந்து வருவன எமது மலைகளைத் தாண்டும்போது ஒலி அடங்கிப் போவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு விமானத்துக்கும் அதனதன் எடைக்கேற்ப, மிக நெடுந்தூரம் சறுக்கத்தக்க ஒரு வேகம் உண்டு. செஸ்னாவுக்கு அது மணிக்கு 75 மைலளவு. அதற்கு மேலே விரைந்தாலும் தூரம் குறையும். கீழே தளர்ந்தாலும் குறையும். தளர்ந்தால் குறைவது மட்டுமன்று, உயிருக்கே இறுதியாகலாம். கீழே மரமும் மண்ணும் நெருங்கி வரும்போது மனிதனின் கை, அறிவைக் கேளாமல், மூக்கை மேலே இழுக்கப் பார்க்கும். "இன்னுங் கொஞ்சம் தூரம், அந்த வேலியைத் தாண்டிவிட்டால்…" என்னும் ஆசை. மூக்கு எழ எழ வேகம் குன்றும். ஓர் எல்லைக்கு மேல் இறக்கையின் முதுகிலே காற்று ஒட்டியோடாமற் பிரிந்துவிடும். இறக்கை தாங்கும் தொழிலை விட்டுவிடும். ஸ்டால் என்று விமானிகள் அஞ்சுவது இதனையே. லிலியந்தாலைக் கொன்றதும் இதுவே. எஞ்சின் நின்றதால் மாண்டவர்களென்று எண்ணப்படுவோருட் பலர், உண்மையில் எஞ்சின் நின்றபின் மூக்கை இழுத்ததால் மாண்டவர்கள். ஆதலால் பயிற்சி பெறும் விமானிக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம், பயம் மேலே இழுக்கச் சொல்லும்போது கையால் கீழே தள்ளுவது. சொல்ல எளிது.

இரண்டு எஞ்சின்களில் ஒன்று நிற்பது வேறு கதை. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனம் தன் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கிற்று. அதனிடம் அப்போதிருந்தவை மூன்று டக்கோட்டா விமானங்கள்: சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். இவற்றில் ஒன்று நின்றால் என்னாகும் என்பதை இரட்டை மாட்டு வண்டி ஓட்டினவர் உடனே சொல்லிவிடுவார். ஒரு மாடு படுத்துக்கொள்ள மற்றது இழுத்தால் வண்டி நேரே போகாது. படுத்த மாட்டின் பக்கமாகத் திரும்பும். விமானமும் நின்ற எஞ்சினின் பக்கமாக மூக்கைத் திருப்பும். விமானி எதிர்ப்பக்கத்துக் காலால் மிதியை ஊன்றி, வாலிலுள்ள சுக்கானைத் திருப்பி நேராக்க வேண்டும். வேகம் மிகக் குறைந்துவிட்டால் சுக்கானுக்குப் போதிய காற்று இராது. எவ்வளவு மிதித்தாலும் திரும்புவதைத் தடுக்க முடியாது. பின்னும் ஒன்று: நின்ற எஞ்சினின் சுழலி காற்றினாலே சும்மா சுழன்று பெரும் தடையாகும். காற்றுக்கு எதிரே சுளகை முகம் காட்டிப் பிடிப்பதற்கும் விளிம்பைக் காட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்க. விமானியும் சுழலியின் தகடுகளை விளிம்பு காற்றை நோக்குமாறு திருப்பிவிடுவான், தடை தணியும்.

எஞ்சின் இரண்டிருப்பதால் மட்டும் அச்சம் பாதியாகிவிடாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 தொடக்கம் 1945 வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் எமது கொக்கலை வாவிக்கும் இடையே கற்றலைனா நீர்விமானங்கள் பறந்தன. இடையில் இறங்க இடமில்லை. பயணம் 27 மணி நேரத்துக்கும் மேல். ஆகாயத்திலேயே இருமுறை சூரியோதயம் காண்பார்கள். புறப்படுகையில் எரிபொருட் பாரம் அத்துணை மிகுதி. தொடக்க மணி நேரங்களில் இரண்டில் ஓர் எஞ்சின் நின்றிருந்தால் மற்றது தனித்து உயரத்தைக் காத்திருக்க இயலாது. அவர்கள் அதை அறிந்தே ஏறினார்கள்.

எல்லா எஞ்சின்களும் ஒருங்கே நின்ற வரலாறும் உண்டு. அவற்றுள் எமக்கு மிக நெருக்கமானதென்று தோன்றுவது 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி நிகழ்ந்தது. இலண்டனிலிருந்து நியூசிலாந்து நோக்கி, பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக வந்த பிரித்தானிய போயிங் 747 விமானம், கோலாலம்பூரை விட்டுப் பேர்த்தை நோக்கி, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்கருகே 37,000 அடி உயரத்தில் இரவிலே பறந்துகொண்டிருந்தது. 248 பயணிகள், 15 ஊழியர். முன்கண்ணாடியில் நீலத் தீப்பொறி படர்ந்தது. பயணிகளிருந்த பகுதியிற் புகை மணந்தது. பின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து, சில நிமிடங்களுக்குள் நான்கும் நின்றன. காரணம் அப்போது விமானத்திலிருந்த எவருக்கும் தெரியாது. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலினுள்ளே அவர்கள் பறந்திருந்தார்கள். சாம்பல் முகிலில் ஈரமில்லை; ஆதலால் விமானத்தின் மழை றேடாருக்கு அது தென்படவில்லை.

அங்கே தலைமை விமானி எரிக் மூடியும் துணைவர்களும் போட்ட கணக்கு, இக்கட்டுரையின் உயிர்நாடி. 15 மைல் முன்சென்றால் ஒரு மைல் இறங்கும். 37,000 அடியிலிருந்து 23 நிமிடம் பறக்கலாம். 91 கடல்மைல் செல்லலாம். ஆனால் ஜகார்த்தாவுக்குப் போகும் வழியில் ஜாவாவின் மலைகள் நின்றன. அவற்றைப் பத்திரமாகத் தாண்ட 11,500 அடி உயரம் வேண்டும். அவ்வுயரத்தை நெருங்குமுன் எஞ்சின் உயிர்பெறாவிட்டால், இருட்டிலே கடலுக்குத் திரும்பி நீரில் இறக்குவதென்று முடிவு செய்தார்கள். எஞ்சினை மூட்ட மீண்டும் மீண்டும் முயன்றார்கள். விமானம் தாழ்ந்து சாம்பலை விட்டு வெளியே வந்தது. நின்ற எஞ்சின்களில் உருகி ஒட்டியிருந்த சாம்பல் குளிர்ந்து உதிர்ந்தது. 13,500 அடியளவில் ஓர் எஞ்சின் மூண்டது. பின் மற்றவை. அவற்றில் ஒன்று மறுபடி கெட, மூன்று எஞ்சின்களோடும், சாம்பல் தேய்த்து மங்கிய கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்த்தும், ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள்.

இதன் சிறப்பு என்னவெனில், எஞ்சின் நின்றபோதும் அவர்கள் இரண்டு பொருள்களைக் கைவிடவில்லை. ஒன்று, தாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது. மற்றது, கீழே எங்கே மலை இருக்கிறது என்பது.

அடுத்த ஆண்டு, 1983 ஜூலை 23, கனடாவில் புத்தம் புதிய போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கிலோவில் கணக்கிட வேண்டியதை இறாத்தலிற் கணக்கிட்டுப் பாதிக்கும் குறைவாக நிரப்பியிருந்தார்கள்! மளிகைக்கடைத் தராசில் நேர்ந்தால் சண்டையோடு முடியும் பிழை. அதன் தலைமை விமானி ரொபர்ட் பியர்சன் ஓய்வுநேரத்தில் எஞ்சினில்லாச் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்துக்கு அதைச் சறுக்கிக் கொண்டுவந்தார். உயரம் மிஞ்சியிருந்ததால் விமானத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, மூக்கை மறுபக்கம் திருப்பி, பக்கவாட்டிலே காற்றை வாங்கச் செய்து உயரத்தைக் கரைத்தார். பயணிகள் விமானத்தில் அதற்குமுன் யாரும் கண்டிராத வித்தை. எஞ்சின் இல்லாமல் சுக்கானை அசைக்கும் வலு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இத்தகைய விமானத்தின் வயிற்றிலிருந்து சிறிய காற்றாடியொன்று வெளியே விழும். எதிர்க்காற்றிலே சுழன்று அத்தியாவசியமான வலுவைத் தரும். 2001 ஆகஸ்டில் எயர்பஸ் விமானமொன்று அத்திலாந்திக் கடலின் மேல் 19 நிமிடம் எஞ்சினின்றிச் சறுக்கி அசோர்ஸ் தீவில் இறங்கியது. 2009 ஜனவரி 15இல் நியூயோர்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரு எஞ்சினும் கெட்ட விமானத்தை விமானி சலன்பேகர் ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 பேரும் தப்பினர்.

உயரமே விமானியின் கையிருப்பு என்பதை மறுபக்கமாகக் காட்டியது 2025 ஜூன் 12, ஆமதாபாத். ஏறி அரை நிமிடங்கூட ஆகாத நிலையில் எயர் இந்தியா விமானத்தின் இரு எஞ்சின்களுக்கும் எரிபொருள் அறுந்தது. கையிற் சில நூறு அடி உயரமே இருந்தது. செலவழிக்க ஒன்றுமில்லை. விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். கீழேயிருந்தவர்களிலும் 19 பேர் இறந்தனர்.

நிற்க. இந்தக் கணக்கெல்லாம் எமது மலைநாட்டுக்கு வந்தால் எப்படி மாறும்? ஹட்டன் நகரே கடல்மட்டத்துக்கு மேல் 4,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. விமானத்தின் உயரமானி 8,000 அடி என்று காட்டினால் அது கடலிலிருந்து 8,000. தேயிலைச் செடியிலிருந்து 4,000கூட இல்லை. செஸ்னா ஒன்று அங்கே எஞ்சினை இழந்தால் காற்றில்லாத நாளில் ஏழு மைல் சறுக்கலாம். ஏழு மைலுக்குள் சமநிலம் எங்கே? மேலிருந்து பார்ப்பவனுக்குத் தேயிலை மெத்தென்ற விரிப்பாய்த் தோன்றும். கிட்டப்போனால் அது சரிவு. சரிவிலே கானும் கல்லும், கைத்தடிமனில் முறுக்கிய தேயிலைத் தண்டும், இடையிடையே நிழல்மரமும். சமநிலமென்று சொல்லத்தக்கது நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலும் சில விளையாட்டு மைதானங்களுமே. மற்றது நீர்: காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். காசல்ரீயில் நீர்விமானங்கள் வந்திறங்கிய காட்சியை எமது இளைஞர் பலர் கண்டிருப்பர். அவை ஒற்றை எஞ்சினுள்ளவை. மலை இன்னொரு வஞ்சகமும் செய்யும். காற்று மலையைத் தாண்டி மறுபக்கம் வழியும்போது விமானத்தையும் சேர்த்துக் கீழே அமுக்கும். எல்லாவற்றிலும் மேலாக மூடுபனி. கொழுந்தெடுப்போர் பக்கத்து நிரையில் நிற்பவரைக் காணமுடியாத நாளில், மணிக்கு இருநூறு மைலில் வருபவன் எதைக் காண்பான்? 2020 ஜனவரி 3ஆந் திகதி ஹப்புத்தளையில் விமானப்படையின் வை-12 விமானம் வீழ்ந்து நால்வர் மாண்டதும் இத்தகைய மலைச்சாரலிலேயே.

இனி தம்பியின் இரண்டாவது கேள்வி.

1974 டிசெம்பர் 4. ஒல்லாந்து நாட்டு மார்ட்டினெயர் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், நான்கு ஜெட் எஞ்சினுள்ளது. இந்தோனேசிய கருடா நிறுவனம் ஹஜ் யாத்திரைக்காக அதை அமர்த்தியிருந்தது. ஜாவாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் பயணம். இடையிலே கட்டுநாயக்காவில் தரிப்பு. யாத்திரிகர் 182 பேர். ஊழியர் 9 பேர். எமது பெற்றோர் சிவனொளிபாத மலைக்கோ கதிர்காமத்துக்கோ காசு சேர்த்துப் புறப்பட்டதுபோல, அவர்களும் ஆயுட்காலம் சேர்த்த காசோடு மக்காவுக்குப் புறப்பட்டவர்கள்.

நாலரை மணி நேரத்துக்கு மேலாகக் கடலைக் கடந்து வந்து, இரவு 10 மணியளவில் கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசினார்கள். முதலில் 8,400 அடி மட்டத்துக்கும், பின் 5,000 அடிக்கும், அதன்பின் 2,000 அடிக்கும் இறங்க அனுமதி கிடைத்தது. விமான நிலையம் கண்ணுக்குத் தென்பட்டதும் அறிவிக்குமாறு சொல்லப்பட்டது. கடற்கரையோரத்துக் கட்டுநாயக்காவை அணுகுபவனுக்கு 2,000 அடி தகுந்த உயரமே. ஆனால் விமானம் கட்டுநாயக்காவை அணுகியிருக்கவில்லை. அது கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கடல்மைலில், எமது மலைகளுக்குள்ளே இருந்தது. ஜெட் விமானத்துக்கு அது பத்து நிமிடத்துக்கும் குறைந்த தூரம். 10 மணி கடந்து சில நிமிடத்தில், 4,355 அடி உயரத்தில், ஏழு கன்னியர் மலையின் பாறை முகத்தில் அது மோதிற்று. இன்னொரு மூவாயிரம் அடி உயரத்தோடு வந்திருந்தால், தெபர்ட்டன் தோட்டத்து லயங்களில் உறங்கியோர் ஓர் இரைச்சலைக் கேட்டுப் புரண்டு படுத்திருப்பார்கள்.

எஞ்சின் நின்றதென்று விசாரணை கூறவில்லை. விமானம் தாம் இருப்பதாக ஊழியர் எண்ணிய இடத்தில் இல்லை. அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்பதே முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் மழை றேடாரையும் நம்பி இடத்தைக் கணித்தமை தவறான பொருள்கோடலுக்கு இடந்தந்தது என்று விசாரணையாளர் கருதினர். டொப்ளர் என்பது தரையை நோக்கி வானொலி அலையை அனுப்பி, அது திரும்பும் விதத்தைக்கொண்டு விமானத்தின் வேகத்தையும் காற்றால் ஒதுங்கும் அளவையும் காட்டுவது. "இவ்வளவு வேகத்தில் இத்தனை மணி வந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம்" என்று சொல்வது. சிறிய பிழையும் மணிக்கு மணி வளரும். பெரட்டுக்கணக்கில் நாளொன்றுக்கு அரைநாட் பெயர் விடுபட்டால் மாதமுடிவில் எவ்வளவாகும் என்று கணக்கப்பிள்ளைமாரைக் கேளுங்கள்.

இங்கே பழைய கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்க்கத் தூண்டுகிறது மனம். ஏழு கன்னியர் மலையிலிருந்து கட்டுநாயக்கா நேர்க்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். பதினைந்துக்கு ஒன்று என்று வைத்தால், அத்தூரத்தைச் சறுக்க வேண்டிய உயரம் 5 கிலோமீற்றர். அஃதாவது 16,500 அடிக்குச் சற்றுக் குறைவு. அதே விமானம் அன்று எமது மலையின் மேல் 20,000 அடியில் நான்கு எஞ்சின்களையும் ஒருங்கே இழந்திருந்தால், ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிந்திருந்தால், ஓடுபாதைவரை சறுக்கிப்போக உயரம் போதியிருக்கும். ஏட்டுக்கணக்குத்தான், காற்றையும் இருட்டையும் இதில் சேர்க்கவில்லை. ஆயினும் எட்டாண்டுக்குப் பின் அதே ஜாவாத் தீவின் அருகே எரிக் மூடிக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அங்கே எஞ்சின் இல்லை, இடமும் உயரமும் தெரிந்திருந்தன. இங்கே எஞ்சின் இழுத்துக்கொண்டே இருந்தது.

வியப்பான ஓர் ஒற்றுமையும் உண்டு. ஏழு கன்னியர் மலை விபத்துக்கு மூன்றே நாள் முன், 1974 டிசெம்பர் 1ஆந் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டனை அணுகிய போயிங் 727 விமானமொன்று இதேபோல் உரிய உயரத்துக்குக் கீழே இறங்கி வெர்ஜினியாவின் மலையொன்றில் மோதியது. 92 பேர் இறந்தனர். அதனோடு அமெரிக்க அரசு விழித்து, நிலம் நெருங்குவதைச் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களிற் பொருத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. டொனால்ட் பேற்மன் என்ற கனடிய எஞ்சினியரின் முயற்சியில் உருவான கருவி அது. நேர்கீழே உள்ள தரையை மட்டுமே முதலில் அதனால் அறிய முடிந்தது. எதிரே செங்குத்தாய் எழும் மலைக்கு அது பிந்தியே குரல்கொடுக்கும். 1990களிலேதான் உலக மலைகளின் வரைபடத்தையே உள்ளே அடக்கி, முன்கூட்டிச் சொல்லும் கருவி வந்தது. இன்று அக்கருவியின் வரைபடத்தில் எமது ஏழு கன்னியரும் இருக்கிறார்கள்.

யாத்திரிகருக்கு அந்த வழி பின்னும் ஒருமுறை பகையாயிற்று. 1978 நவம்பர் 15ஆந் திகதி, ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிய இன்னொரு டி.சி.-8, ஹஜ் முடித்த யாத்திரிகரோடு கட்டுநாயக்காவில் ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. 183 பேர் மாண்டனர். அன்றும் எஞ்சின் நின்றிருக்கவில்லை.

வாசிப்பு வட்டத்திலே இவற்றை நாம் சொல்லி முடித்தபோது, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான முதியவர் ஒருவர் பின்வாங்கிலிலிருந்து எழுந்தார். இத்தனை ஆண்டும் எஞ்சின் நின்றதென்றே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததாகவும், இனி எப்படிச் சொல்வதென்றும் கேட்டார். தம்பிதான் விடை சொன்னான். "தாத்தா, வழி தெரியாம வந்தாங்கன்னு சொல்லுங்க." அவர் சிறிதுநேரம் நின்றார். "ராவுல, நம்ம மலையில, வழி தெரியாம வந்தவங்களா" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.